கழுவி வந்த பெட்டி

டிசம்பர் 19, வெள்ளி

மூடுபனி. எத்தனையாவது நாள் என்று எண்ணுவதை விட்டாயிற்று. ஷ்லீரனில் சூரியன் இருப்பதற்கு இப்போதைக்கு ஆதாரம் இல்லை.

செய்யவேண்டியவை: நூலகத்துக்கு விடுமுறைத் தாள். அம்மாவுக்குக் குளிர் சப்பாத்து. ரோல்ஸுக்கு ரஸ்க் தூள் (கிறிஸ்மஸுக்குக் கடைகள் பூட்டமுன்). வக்கீலுக்குச் சுருக்கம்.

ஒரு பக்கம் போதும், நடந்தவை மட்டும், உணர்ச்சி வேண்டாம் என்றார் வக்கீல். எனக்குப் பொருந்தும் வடிவம். முதலில் தமிழில், இங்கே.

சென்ற ஆண்டு ஆகஸ்ட். நிரோஷனுக்கும் எனக்கும் ஊஸ்டரில் எழுத்து, அதாவது கலியாணப் பதிவு. இந்த நாட்டில் எழுத்து முடியாமல் ஐயர் தாலி எடுத்துக் கொடுக்க முடியாது. எங்கள் ஆட்களுக்கு அது மண்டபம் பதிவதைப் போன்ற ஓர் அலுவல். கையெழுத்து, கேக், படம். அன்று மாலையே அவன் ஊஸ்டரில் தன் அறைக்கு, நான் அம்மா அப்பாவுடன் ஷ்லீரனுக்கு. உண்மையான கலியாணம் தையில் என்று இருந்தது.

நவம்பர். கந்தசஷ்டி. அப்பாவுக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு). விரதம் பிடிக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். பிடிக்கமாட்டேன் என்று அப்பா அம்மாவிடம் சொல்லியிருந்தார். ஒளித்துப் பிடித்தார். இரவு எங்களோடு சாப்பாடு, பகலில் தொழிற்சாலையில் பட்டினி. என் கலியாணம் நல்லபடி நடக்க நேர்த்திக்கடன். நிரோஷனிடம் மட்டும் சொன்னார். நிரோஷன் முதியோர் இல்லத்தில் நேர்ஸ். "வீட்டிலை மூச்சு விடாதேயும், தம்பி." மாமனார் நம்பிச் சொன்ன முதல் விஷயம். அவன் மூச்சு விடவில்லை. கடைசி நாள் அப்பா தொழிற்சாலைப் படியில் சீனி இறங்கி மயங்கி விழுந்தார். தலையில் அடி. அன்றே முடிந்தது.

முப்பத்தோராம் நாள். வீடு நிறையச் சனம். நிரோஷன் எழுந்து, மாமா விரதம் பிடித்தது தனக்குத் தெரியும் என்றான். ஒருவரும் அவனைக் கேட்கவில்லை. அம்மா: "நேர்ஸ் எண்டு பேர். வாயுக்கை கொழுக்கட்டையே வைச்சிருந்தனீ? இனி இந்த வாசல் மிதியாதை."

இந்த ஒக்டோபரில் ஆண்டுத் திவசம். நி. கோயிலுக்கு வெளியே, சப்பாத்துகள் வைக்கும் இடத்தில் நின்றான். அம்மா பார்க்காமல் தாண்டிப் போனார். வீட்டுக்கு வந்து, "எழுத்தை வெட்டு" என்றார்.

விவாகரத்து மனுவில் அவன் கையெழுத்து வந்துவிட்டது. அதற்குமேல் ஒரு வார்த்தை எழுதவில்லை. என்னுடையதற்கு இடம் வெறுமையாக. ஜனவரியில் வக்கீலிடம் நேரம்.

ஒரு பக்கம்கூட வரவில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

மூடுபனி. அலுமாரி துப்புரவு.

வரி அலுவலகத்தின் பழைய உறை: "திரு, திருமதி". எங்களைக் குடும்பம் என்று நம்பும் ஒரே இடம்.

மேல் தட்டில் அப்பாவின் சாப்பாட்டுப் பெட்டி. சில்வர், இரண்டு அடுக்கு, மூடியைப் பூட்டும் கொளுவி ஒரு பக்கம் நெளிந்தது. எறியவா என்று கேட்டேன். அம்மா என் கையிலிருந்து வாங்கித் திரும்ப வைத்தார். அம்மா இப்போது வேலைக்கு வெண்ணெய் பூசிய பாண்தான் கொண்டுபோகிறார், கடதாசியில் சுற்றி. இதை இன்றுதான் யோசித்தேன்.

ஞாயிறு என்றால் நி.யிடமிருந்து ஒரு செய்தி வரும். வானிலை மட்டும். இன்று: "ஊஸ்டர். புகார்." மூடுபனிக்கு அவன் சொல். நான் ஒரு கட்டைவிரல் அனுப்புவேன். ஒரு வருட இல்லறம்.

டிராமில் யோசித்தது: அவன் சொல்லாமல் இருந்ததில் எனக்குக் கோபம் இல்லை. சொன்னதில்தான். அன்று வாயை மூடிக்கொண்டு வடை சாப்பிட்டிருந்தால் திவசம் முடியக் கலியாணம் நடந்திருக்கும். அந்தப் பொய்க்குள் நான் வசதியாக இருந்திருப்பேன். இது அவனைப் பற்றிய தகவல் அல்ல.

டிசம்பர் 23, செவ்வாய்

மூடுபனி. தமிழ்க் கடை. கறிவேப்பிலை முடிந்துவிட்டது, நாளைக்காம்.

மரக்கறித் தட்டருகில் இரண்டு பெண்கள்.

"கிறிஸ்மஸுக்கு ஹோல் எல்லாம் சும்மா கிடக்குதாம். பாதி விலைக்குத் தருவினம்."

"மார்கழியிலை தாலி கட்ட உனக்கென்ன விசரே?"

"நான் பேத்டேக்குச் சொன்னனான்."

மூத்தவர் என்னைக் கண்டார். அம்மாவின் சுகம் விசாரித்தார். பிறகு, குரலை இறக்கி, "உம்மட அலுவல் என்ன மாதிரி?" போகுது அன்ரி என்றேன். எதுவும் போகவில்லை. மனு குளிர்சாதனப் பெட்டியின் கதவில், மட்டர்ஹோர்ன் காந்தத்தின் கீழ். பால் எடுக்கும்போதெல்லாம் அவன் கையெழுத்து. பேனா எடுத்தேன். பால் வாங்க எழுதி வைத்தேன்.

டிசம்பர் 24, புதன்

மூடுபனி, கீழே ஈரம். கறிவேப்பிலை கிடைத்தது.

அம்மா ரோல்ஸ் சுருட்ட, நான் முட்டையில் தோய்க்க. சைவ சமயக்காரர் வீட்டில் கிறிஸ்மஸுக்கு ஏன் ரோல்ஸ் என்று இந்தக் கட்டடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. எண்ணுவது மட்டும்தான், தங்களுக்கு எத்தனை என்று.

மத்தியானம் மணி. பெரைரா. தொழிற்சாலையில் அப்பாவுக்குப் பக்கத்து இயந்திரம். போர்த்துக்கேயர். (அம்மாவுக்கு அது இன்னும் சிங்களப் பெயர்.) ஓய்வு பெற்றுவிட்டாராம், புது வருடத்தோடு ஊருக்கே போகிறாராம். சொல்லிக்கொண்டு போக வந்தார், ஒரு போத்தல் ஒலிவ் எண்ணெயுடன்.

கோப்பி, ரோல்ஸ். ஒரு கடி கடித்ததும் கண் நிறைந்து சிரித்தார். அந்த வாரமும் தான் இப்படித்தான் அழுதழுது சாப்பிட்டதாகச் சொன்னார்.

எந்த வாரம் என்று கேட்டேன்.

அப்பாவின் கடைசி வாரம். வயிறு சரியில்லை என்று சொல்லி அப்பா ஒவ்வொரு மத்தியானமும் பெட்டியை அவர் பக்கம் தள்ளிவிடுவாராம். சரியான உறைப்பு, ஆனாலும் மிச்சம் விடவில்லை. சுடுதண்ணீரில் கழுவி, துடைத்து, மூடிக் கொடுத்தாராம். ஒரு நண்பனின் பெட்டியை ஊத்தையாகத் திருப்பிக் கொடுக்கலாமா. சமைத்தவருக்கு நன்றி சொல்லவேண்டும் என்று அன்றிலிருந்தே நினைத்தாராம்.

அம்மா கோப்பைகளை அடுக்கிக்கொண்டு, ஜெர்மனில்: தெரியும்.

அவர் அதை உபசாரமாக எடுத்துக்கொண்டார். எனக்கு முடியவில்லை. பெரைராவை அம்மா கண்டது ஒரேயொருமுறை, அப்பாவின் செத்த வீட்டில். யார் சொல்லித் தெரியும்?

அவர் போனபின் குசினி. எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. நான் கேட்கவில்லை. அம்மா அடுப்பைப் பார்த்தபடி சொன்னார்.

"பெட்டி கழுவி வந்தது. ஒவ்வொரு நாளும். கலியாணம் கட்டின நாளிலையிருந்து அந்த மனிசன் ஒரு கரண்டி கழுவினதில்லை."

விரதம் என்று முதல் நாளே விளங்கிவிட்டதாம். ஏன் மறிக்கவில்லை என்றேன்.

"சஷ்டி பிடிக்கிற ஆளை இடையிலை மறிச்சால் நேர்த்தி முறிஞ்சிடும். உன்ர கலியாணத்துக்குப் பிடிச்சவர். இன்னும் ரண்டு நாள்தானே, இன்னும் ஒரு நாள்தானே எண்டு இருந்திட்டன்."

ஒரு ரோல்ஸ் கருகியது. எடுத்து வேறாக வைத்தார்.

"பிறகு அந்தப் பெடியன் எழும்பி நிண்டு, தனக்குத் தெரியும் எண்டுது. தெரிஞ்சது நான் மட்டும் இல்லை எண்டு எனக்கு ஆறுதலாப் போச்சு. அதுதான் வீட்டாலை கலைச்சனான்."

நான் அடுத்த தட்டு ரோல்ஸை முட்டையில் தோய்த்தேன். மூன்று பேர் ஒரே விஷயத்தைத் தெரிந்துகொண்டு ஒரே குடும்பத்தில் மரியாதையாக இருந்திருக்கிறார்கள். அப்பா, அம்மா, நி. விரதத்தைக் கெடுக்கக்கூடாது. ஒருவருக்கொருவர் காட்டிக்கொடுக்கக்கூடாது. எல்லாம் நல்ல குணங்கள்.

டிசம்பர் 25, வியாழன்

மூடுபனி. தேவாலய மணி நிறைய.

காலை அம்மா: அவரைச் சாப்பிட வரச் சொல்லு. "அவரை" என்றார். ஒரு வருடமாக அவன், அந்தப் பெடியன், அது.

நி.க்கு எழுதினேன்: அம்மா சாப்பிட வரட்டாம்.

நி.: ஆரின்ர அம்மா?

நான்: என்ர.

நி.: காலமை வேலை. முடிய வாறன்.

வந்தான். மெலிந்திருந்தான், தலைமுடி வெட்டவேண்டும். சப்பாத்தைக் கதவுக்கு வெளியே, படிக்கட்டில் கழற்றினான். உள்ளே கொண்டுவந்து வையுங்கோ என்று அம்மா சொல்லும்வரை அங்கேயே நின்றான். அப்பாவின் படத்துக்கு முன் கொஞ்சநேரம். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் தன் கையெழுத்தைக் கண்டான்.

சோறு, கோழி, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. அம்மா உட்காரவில்லை. இரண்டாம் முறை சோறு போடும்போது சொன்னார்.

"தம்பி, எனக்கும் தெரியும். நீங்கள் சொல்ல முதலே தெரியும். பெட்டி கழுவி வந்தது."

அவன் கை சோற்றில் நின்றது. அம்மா எல்லாவற்றையும் சொன்னார், நேற்று எனக்குச் சொன்ன அதே ஒழுங்கில். கடைசி வரியையும் விடவில்லை. ஆறுதலாக இருந்தது, அதுதான் கலைத்தேன்.

அவன் யோசித்தான்.

"நான் நேர்ஸ், மாமி. நீங்கள் இல்லை."

"நான் பெண்சாதி."

அம்மா கறிக் கரண்டியுடன் நின்றார். அவன் திரும்பச் சாப்பிடத் தொடங்கினான். மன்னிப்பு என்ற சொல்லை யாரும் பாவிக்கவில்லை. யார் யாரிடம் கேட்பது என்ற குழப்பமும் இருந்திருக்கும்.

தேத்தண்ணி வேளையில் அம்மா என் பக்கம் திரும்பினார். "எழுத்து முடிஞ்ச பிள்ளை இஞ்சை இருந்து என்ன செய்யிறாய்? சாமானை எடுத்துவை."

மார்கழி என்றேன். வேறு ஒன்றும் வாயில் வரவில்லை.

"மார்கழியிலை தாலிதான் கட்டக்கூடாது. ரெயின் ஏறலாம். தாலியைத் தையிலை பாப்பம்."

சனம் கதைக்கும் என்றேன். கதைக்கட்டும், இப்ப மட்டும் என்ன பேசாமலே இருக்குதுகள் என்றார்.

நி. எழுந்தான். "அபி விரும்பினால்தான், மாமி." என்னைப் பார்க்காமல். பிறகு பார்த்து: "நீர் விரும்பினால்தான்."

யோசிக்கவேண்டும் என்று அறைக்குள் போனேன். கட்டிலில் இருந்தேன். குசினியில் இருவரும் பாத்திரம் கழுவும் சத்தம். அவன் துடைக்கிறான், அம்மா எது எங்கே என்று சொல்கிறார். ஊஸ்டரில் கறிவேப்பிலை கிடைக்குமா என்று ஒரு விசாரணை. என்ன உணர்கிறேன் என்று பார்த்தேன். பசி. மேசையில் நான் சாப்பிட்டிருக்கவில்லை. அதற்குக் கீழே வேறு ஒன்று, பயம் மாதிரி. சந்தோஷமாகவும் இருக்கலாம். பையை எடுத்தேன்.

கதவடியில் அம்மா அப்பாவின் பெட்டியை அவனிடம் நீட்டினார். நாளைய வேலைக்கு. சோறு, பருப்பு, கோழி. கொளுவி நெளிந்ததால் இறப்பர் பட்டி.

"கழுவ வேண்டாம், தம்பி. அப்பிடியே கொண்டு வாங்கோ."

"ஓம், மாமி."

ஹார்ட்புரூக்கவில் ரெயின் மாறினோம். பெட்டி அவன் மடியில். கதைக்கவில்லை. ஸ்டெட்பாக் தாண்டும்போது அவன் சன்னலைப் பார்த்து, "புகார்" என்றான். நான் கட்டைவிரலைக் காட்டினேன்.

டிசம்பர் 26, வெள்ளி

ஊஸ்டர். அதே மூடுபனி, வேறு சன்னல்.

பல் பிரஷ் மறந்தேன். கடைகள் பூட்டு. அவனுடையது.

நி. வேலைக்குப் போனான், பெட்டியுடன். இந்த அறையில் இரண்டு தட்டு, இரண்டு கோப்பை, ஒரே ஒரு நல்ல கத்தி. வக்கீலுக்கு மின்னஞ்சல், ஒரு வரி: ஜனவரி நேரம் வேண்டாம். காரணம் எழுதவில்லை. அம்மாவின் தொலைபேசி இரண்டு முறை. ஒன்று சப்பாத்து அளவு சரி என்று சொல்ல. மற்றது சும்மா.

பின்னேரம் வந்தான். பெட்டியை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். திறந்தேன். அடுக்கின் ஓரத்தில் காய்ந்த பருப்பு, ஒரு கறிவேப்பிலை, ஒரு எலும்பு, விரலால் வழித்த கோடு. பழக்கத்தில் குழாயைத் திறந்துவிட்டேன்.

குழாயை மூடினேன். பெட்டியை மூடி இறப்பர் பட்டியைப் போட்டேன். ஞாயிறு அம்மாவிடம், இப்படியே.