பாசித் தொட்டிக்கு சனிக்கிழமை வரை கெடு

7 அக்டோபர் 1991, திங்கள்

காலையில் மூடுபனி. வாசல் சில்வர் ஓக் மரம்கூடத் தெரியவில்லை. பத்து மணிக்குத்தான் வெயில். ஓடிப்போய்ப் பார்த்தால் தொட்டி பச்சை! போன வார மழையில் வெளிறிப் போயிருந்தது, இன்று கரும்பச்சை. கையை விட்டால் விரல் தெரியவில்லை. தனியாக நின்று சிரித்தேன்.

சுருள்பாசி (ஸ்பைருலினா, இனி சு.பா.) வளர்க்கும் பயிற்சிக்குச் சேலம் போய் ஒரு பாட்டில் விதைப்பாசி கொண்டுவந்த அன்று இவர் சொன்னது: "பாசிய வழிச்சு வெளிய கொட்டறவங்களத்தான் பார்த்திருக்கேன். பஸ்ஸுல மடியில வெச்சுக் கொண்டாந்தவ நீ ஒருத்திதான்." எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் அல்லவா, நக்கலுக்குக் குறைவில்லை.

ஏற்பாடு இது. நூறு பிராய்லர் கோழி, கொட்டகை நடுவே கம்பிவலை. அ பக்கம் ஐம்பது, தீவனத்தோடு சு.பா. ஆ பக்கம் ஐம்பது, வெறும் தீவனம். ஆறு வாரம் முடியும் சனிக்கிழமை கால்நடை டாக்டரம்மா வந்து எடை போடுவார். அ பக்கம் கனத்தால் தொட்டி எனக்கு. இல்லாவிட்டால் ஞாயிறு காலையே இவர் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, வழக்கம்போல் எங்கள் காப்பிப் பழம் அலச எடுத்துக்கொள்வார். இருப்பது ஒரே தொட்டி. தேய்க்க பிரஷ்கூட வாங்கி விளிம்பில் வைத்துவிட்டார், என் கண்ணில் படட்டும் என்று. படுகிறது.

8, செவ்வாய்

தூறல். வாங்க: சமையல் சோடா, பாலிதீன் தாள் (பழையது கிழிசல்), தலைவலி மாத்திரை.

சு.பா. வடிகட்டினேன். இவர் வேட்டியில்.

"அது என் கலியாண வேட்டியா?"

"இல்லைங்க, உங்க தம்பி கலியாணத்துக்கு எடுத்தது."

ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார். பச்சைக் கறை இனி போகாது என்பதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

பாசி களிப் பதத்தில் வந்தது. தீவனத்தில் பிசைந்து கிண்ணத்தைப் பாப்பாத்தி கையில் கொடுத்தேன். கிளியூரிலிருந்து வந்து காலை மாலை கோழிக்குப் போடுபவள். "ஏரித் தண்ணி வாசம் அடிக்குதுங்கம்மா" என்றாள். அ பக்கம் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து தின்கிறது. ஆ பக்கம் வலையோரம் வரிசையாக நின்று பார்க்கிறது. பாப்பாத்தி உச்சுக்கொட்டினாள்.

9, புதன்

நல்ல வெயில். தொட்டியை ஆறு தடவை துழாவினேன். தோள் கழன்றுவிட்டது. ஆனாலும் சந்தோஷம், ஏனென்று தெரியாத சந்தோஷம். சனிக்கிழமை எந்தப் புடவை?

10, வியாழன்

பொறுக்கவில்லை. இவர் ஆபீஸ் போனதும் தொங்கு தராசை எடுத்து, அ பக்கம் ஐந்து, ஆ பக்கம் ஐந்து நிறுத்தேன்.

சமம். இன்னொரு ஐந்து ஐந்து. சமம்.

சாப்பிடப் பிடிக்கவில்லை. இவரிடம் சொல்லவில்லை. "ஏன் மூஞ்சி தொங்குது?" என்றார். தலைவலி என்றேன். மாத்திரை இருக்கிறதே.

11, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்!!

காலையில் ஆ பக்கத்துச் சேவல் ஒன்று என் காலடியில் வந்து நின்றது. கால் மஞ்சள். நல்ல மஞ்சள். சு.பா. தின்றால்தான் கால் இந்த அளவு மஞ்சளாகும் என்று பயிற்சியில் சொன்னார்கள். ஆ பக்கம் முழுக்க அதே கால். பாப்பாத்தியைக் கூப்பிட்டேன்.

"இந்தப் பக்கத்துக்கும் பச்சை வெச்சியா?"

"வெக்காம? பாதிப் பாதி வெச்சேனுங்க."

"எத்தன நாளா?"

"மொத நாள்ல இருந்துங்க. ஏனுங்கம்மா, எல்லாம் ஒரே ஊட்டுக் கண்ணுங்க. அதுங்க திங்க இதுங்க வாயப் பார்க்குதுங்க. ஒரே பந்தியில ஒரு எலைக்கு மட்டும் பாயசம் ஊத்துவீங்களா?"

கத்தினேன். கொட்டகையே மிரண்டது. ஆறு வாரம், வேட்டி, தோள், எல்லாவற்றையும் சொல்லிக் கத்தினேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அது நொம்பப் பாவமுங்கம்மா" என்றாள். அதற்குமேல் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாளை என்ன காட்டுவது என்று நினைத்ததும் அழுகையும்.

பாத்திரம் தேய்க்கும்போது உறைத்தது. இதே பெட்டியில் வந்த மிச்சக் குஞ்சுகளைக் கரடியூர் அமலம் அக்கா வாங்கிப் போனாரே! ஒரே நாள் குஞ்சு, ஒரே தீவனம். பாப்பாத்தியின் கை அங்கே எட்டாது.

12, சனி

முதல் பஸ்ஸில் கரடியூர். அக்காவிடம் பத்துக் கோழி இரவல், இரண்டு கூடையில். திரும்பும்போது கண்டக்டர்: "கூடைக்கு அஞ்சு பேரா? கோழிக்கும் டிக்கெட்டுங்க." பஸ் முழுக்கச் சிரிப்பு. நானும்.

டாக்டரம்மா பதினொரு மணிக்கு வந்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

அ: ஒன்றே முக்கால் கிலோவை ஒட்டி.
ஆ: அதே.
கரடியூர்: ஒன்றுகூட ஒன்றரையைத் தாண்டவில்லை. கால் வெளிறல்.

குதித்தேன். நாற்பத்திரண்டு வயதில். பாப்பாத்தி, "நாஞ் சொல்லல?" என்றாள். என்ன சொன்னாள் இவள்?

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ஊடு வேற, கை வேற, குளிர் வேற. இத வெச்சு, பாசியாலதான்னு நான் எழுதித் தர முடியாது ரோசி. ஆனா உடவும் மனசில்ல. இன்னொரு தடவ ஒழுங்காப் பண்ணுங்க."

"அடுத்த மாசம் பழம் எடுக்கணுமுங்களே, தொட்டி வேணுமே" என்றார் இவர்.

"அத நீங்க ரெண்டு பேரும் பேசிக்கங்க."

ஜீப் போனது. இவர் கொட்டகைக்குள் போனார். எங்கள் கோழி ஒன்று, கரடியூர்க் கோழி ஒன்று, இரண்டையும் தலைகீழாகப் பிடித்துக் கால்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். தொட்டி என்ன ஆகும் என்று வாய்விட்டுக் கேட்க எனக்குப் பயம். முதல்முறையாக, இவரிடம் பயம்.

13, ஞாயிறு

விழித்தபோது பக்கத்தில் இவர் இல்லை. ஜன்னல் வழியே பார்த்தேன். தொட்டி விளிம்பில் பிரஷ் இல்லை.

செருப்பில்லாமல் ஓடினேன். பனியில் இவர் முதுகு மட்டும் தெரிந்தது, தொட்டிமேல் குனிந்தபடி. கையில் பிரஷ். "ஏனுங்க, வேண்டாமுங்க!" என்று கத்திவிட்டேன்.

திரும்பினார். பிரஷ்ஷைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். பிடியைத் தண்ணீருக்குள் விட்டுப் பாசியைத் துழாவிக்கொண்டிருந்தார், முழங்கை வரை பச்சை.

"எத்தன நிமிசம் சுத்தணும் ரோசி?"

ஐந்து போதும். பத்து என்றேன்.