நகரக் கொடியின் கீழ் இலை

அனுப்புநர்:
உமெகாவா சிதோசே (வயது 61),
ஓய்வுபெற்ற எழுத்தர், நகராட்சிப் பொதுப்பிரிவு,
ஹானெமோரி நகர், ஜப்பான்.

பெறுநர்:
மாண்புமிகு மேயர் அவர்கள்,
ஹானெமோரி நகர்.

பொருள்: நகரக் கொடியின் கீழ் இலையை நீக்கும் தீர்மானத்தை நிறுத்தக் கோருதலும், அதற்குக் காரணமான என் பொய்யை ஒப்புக்கொள்ளுதலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

நம் பச்சைக் கொடியின் நான்கு வெள்ளை இலைகளும் நான்கு பருவங்கள் என்று பள்ளிக் கையேடு சொல்கிறது. கீழ் இலை குளிர்காலமாம். சுற்றுலா வருகிறவர்களுக்குக் குளிர்காலம் எதற்கு என்று கொடிக்குழு அதை எடுத்துவிடச் சொல்கிறது. திங்களன்று வாக்கெடுப்பு.

அந்தக் கையேட்டை எழுதியவள் நான். பருவக் கதை முழுப் பொய்.

1955-இல் நான்கு ஊர்கள் சேர்ந்து இந்நகரம் ஆனது. ஊர்ப்பெயரை விட்டுக்கொடுத்தால் ஊருக்கொரு இலை என்பது பேச்சு. அந்தக் கூட்டத்தில் தேநீர் ஊற்றியவள் நான். மலைமேல் கரிமூட்டம் போடும் ஒகுசுமி ஊரின் தலைவர் தொகிசாவா, முத்திரையைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "பேரு போனாப் போவுது. கீழ இருந்தாலும் பரவால்ல, எங்களுக்குன்னு ஒரு இலை இருக்கணும்" என்றார். கீழ் இலை ஒகுசுமிக்கு என்றான பிறகுதான் இணைப்பு ஒப்பந்தத்தில் முத்திரை குத்தினார்.

1973-இல் ஒகுசுமியின் கடைசிக் குடும்பமும் மலையிறங்கிவிட்டது. 1989-இல் கையேடு எழுதும்போது, ஆளில்லாத ஊரைச் சொல்வானேன் என்று பருவங்களை நானே கட்டிவிட்டேன். யாரும் வற்புறுத்தவில்லை. மேலதிகாரி பாராட்டினார். வெட்கமில்லாமல் குனிந்து வணங்கினேன்.

உண்மைக் காரணம் வேறு, ஐயா. நானும் ஒகுசுமிப் பெண்தான். கீழே பள்ளிக்கு வந்த நாட்களில், "கரிமூஞ்சி வந்துட்டாடி, தள்ளி உக்காரு" என்பார்கள் கூடப் படித்தவர்கள். அதற்குப் பயந்து, கேட்டவர்களிடமெல்லாம் கடற்கரை ஊர் என்றே சொல்லிவந்தேன்.

சென்ற மாதக் கொடியேற்றத்தில் தொகிசாவாவின் மகன் என்னருகே நின்றார். சிறுவயதில் என்னோடு மலையிறங்கிப் பள்ளிக்கு நடந்தவர். அவருடைய பேத்தி, "தாத்தா, கீழ இருக்கே, அதுதான் குளிர்காலம். புக்குல போட்டிருக்கு" என்றாள். "அப்படியா கண்ணு" என்றார். கையேட்டை எழுதியது நான் என்று தெரிந்தும், என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஆகவே, தீர்மானத்தை நிறுத்திவைத்து, கையேட்டைத் திருத்தி, திங்களன்று மன்றத்தில் எல்லார் முன்னும் இதைச் சொல்ல எனக்கு ஐந்து நிமிடம் தந்தருளுமாறு வேண்டுகிறேன். எனக்கு அறிவித்திருக்கும் பணிப் பாராட்டு விருதையும் தயவுசெய்து ரத்து செய்யுங்கள்.

இடம்: ஹானெமோரி
நாள்: 17.10.1996

தலைகுனிவுடன்,
உமெகாவா சிதோசே
பிறந்த ஊர்: ஒகுசுமி