மாடியில் எழும்பும் சுவர்

திங்கட்கிழமை

அன்புள்ள என்னங்க,

வணக்கம். இங்கே நானும் வீடும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. வீடு சௌக்கியமாக இருக்கிறது. போன வாரம் முழுக்க நீங்கள் என் போனை எடுக்கவே இல்லை. கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது என்பதால் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நாளைக் காலை உங்கள் கம்பெனி லாரி சுரங்கப்பாதை வேலை நடக்கும் இடத்துக்குக் கிளம்புகிறதாம். டிரைவரிடம் கொடுத்தால் மறுநாளே உங்கள் கைக்கு வந்துவிடும் என்றார்.

உங்கள் தம்பி வந்தார். நம் மொட்டைமாடியின் ஓரத்தை டேப் வைத்து அளந்தார். பக்கத்து வீட்டு மாடிக்கும் நம் மாடிக்கும் நடுவே ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்ப நீங்கள் சொல்லியிருப்பதாகச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். "பாதுகாப்புக்குத்தான் அண்ணி" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். யாரிடமிருந்து என்று நான் கேட்கவில்லை. வியாழக்கிழமை கொத்தனார் வருகிறாராம். செங்கல் இப்போதே நம் படிக்கட்டை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

அவர் உங்களிடம் கண் காது மூக்கு வைத்து என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அன்று மாலை அவர் சொல்லாமல் கொள்ளாமல் மாடிக்கு வந்தபோது, படங்களுக்குச் சட்டம் போடும் பக்கத்து வீட்டு பிரேம் கடைக்காரர் என்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டிருந்தார். உண்மை. நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அதுவும் உண்மை. ஆனால் நாற்காலியின் பின்கால்களைப் பிடித்தபடி சலூன்காரரும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாரே, அது மட்டும் உங்கள் தம்பியின் கண்ணில் படவில்லை. சலூன்காரர் ஒல்லிதான். அதற்காக ஆளே தெரியாத அளவுக்கு ஒல்லி இல்லை.

பிரேம் கடைக்காரர் மனைவியை, நாம் சிட்டு என்று கூப்பிடுகிறவளை, உங்களுக்குத் தெரியும். நீங்கள் வேலைக்குக் கிளம்பிப் போனபோது அவளுக்கு மசக்கை. இப்போது எட்டாம் மாதம். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறதாம். அசையாமல் படுத்திருக்க வேண்டும், ரத்தம் பட்டால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் படுக்கை அடுத்த வாரம்தான் கிடைக்குமாம். சலவைக் கடை கவுண்டரில் நின்று துணியை எண்ணி வாங்கும்போதும் காது மாடிப் பக்கமே இருக்கிறது.

இந்த வரிசையில் மற்ற எல்லா வீட்டிலும் கல்லில் செய்த சுருள் படி. ஒருவர் இறங்கினால் இரண்டு தோளும் சுவரில் உரசும். அகலமான நேர்ப்படி நம் கட்டடத்தில் மட்டும்தான். அதனால்தான் இந்தத் தெருவில் கட்டிலோ பீரோவோ நோயாளியோ, எதுவானாலும் மாடிக்கு மாடி தாண்டி வந்து நம் படியில் இறங்குகிறது. இதை உங்களுக்குப் போய் விளக்கிக்கொண்டிருக்கிறேன். தையல்காரரின் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த அன்று அவரை முதுகில் சுமந்துகொண்டு அந்த வழியாக ஓடிவந்தவரே நீங்கள்தான்.

சிட்டுவையே நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி ஒத்திகை பார்க்க முடியுமா? அவளுடைய இப்போதைய எடையும் என் எடையும் ஒன்று. (இதை உங்கள் கேம்ப் முழுக்கப் பரப்ப வேண்டாம்.) அதனால் நான் உட்கார்ந்தேன். தண்ணீர்த் தொட்டியை எந்தப் பக்கமாகச் சுற்றுவது, படியில் இறங்கும்போது யார் முன்னால் போவது என்று பார்த்தார்கள். இரண்டாவது தடவை என் தலையைத் துணிக்கொடியில் கொண்டுபோய் மாட்டிவிட்டார்கள். சிரிக்காமல் என்ன செய்வேன்?

மற்றபடி தெருவில் கூட்டத்துக்குக் குறைவில்லை. மணிக்கூண்டைப் படம் எடுக்க வருகிறவர்கள் நம் கொடியையும் சேர்த்தே எடுக்கிறார்கள். உங்கள் சாயம் போன நீலச் சட்டை இதுவரை எத்தனை தேசம் போயிருக்கிறதோ. சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. வாஷிங் மெஷினை நகர்த்தினால்தான் குளியலறைக் கதவு முழுசாகத் திறக்கிறது. நீங்கள் இல்லாமல் அதை நகர்த்த முடியவில்லை.

கோபம் இருந்தால் என்மேல் காட்டுங்கள். போனில் கத்துங்கள், கேட்டுக்கொள்கிறேன். அவள் பிள்ளை பெற்றுத் திரும்பும்வரை சுவரை மட்டும் நிறுத்தி வையுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கும்,
உங்கள் மனைவி


ஞாயிற்றுக்கிழமை

என்னங்க,

வணக்கம். 'அன்புள்ள' என்று எழுதி, அடித்துவிட்டேன். தப்பாக நினைக்க வேண்டாம். தப்பாக நினைத்தாலும் இப்போது ஒன்றும் செய்வதற்கில்லை.

உங்கள் பதில் வந்தது. எனக்கு அல்ல, உங்கள் தம்பிக்கு. அவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினார். "முதல்ல சுவர் எழும்பட்டும். மத்ததை வந்து பேசிக்கலாம்." என் கடிதம் அத்தனைக்கும் அவ்வளவுதான் பதில்.

மாடிக் கதவின் சாவி என் கையில்தான் இருந்தது. தர மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் சந்தேகப்பட்டதுதான் சரி என்று ஆகிவிடுமோ, உங்களையே இழந்துவிடுவேனோ என்று பயந்தேன். கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமை கொத்தனார் கலவை குழைக்கும் சத்தம் கேட்டு பிரேம் கடைக்காரர் அந்தப் பக்கம் வந்து நின்றார். என்னைப் பார்த்தார், உங்கள் தம்பியைப் பார்த்தார். நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் இன்றைக்கே படுக்கை கொடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறார். "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டார்களாம்.

மத்தியானம் நான் சாப்பிட வந்தபோது சுவர் நெஞ்சு உயரம் வந்திருந்தது. தட்டை எடுத்தேன், அந்தப் பக்கத்திலிருந்து சிட்டுவின் குரல் கேட்டது. மாடிக்கு ஓடினேன். அதற்குள் பிரேம் கடைக்காரரும் சலூன்காரரும் அவளை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். என்னைத் தூக்கியபோது அந்த ஆட்டம் ஆடிய நாற்காலி, அன்றைக்கு ஆடவே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்கள். அவள் புடவையின் நிறம் மாறிக்கொண்டே இருந்தது. அந்த நிலையில் அவளை அவ்வளவு உயரம் தூக்க முடியாது. சுருள் படியில் உட்காரவைத்து இறக்கவும் முடியாது.

முதலில் அசைந்தவர் கொத்தனார்தான். கரண்டியைப் போட்டுவிட்டு, தான் கட்டியதைத் தானே தள்ளினார். மேல் வரிசைகள் ஈரமாக இருந்ததால் சரிந்துவிட்டன. காலையில் வைத்த கீழ் வரிசைகள் பிடித்துக்கொண்டு வர மறுத்தன. நான் கையால் பிடுங்கினேன். உங்கள் தம்பி ஒரு ஓரமாக நின்றார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சிட்டுதான் அவரைக் கூப்பிட்டாள். "தம்பி, கொஞ்சம் நாற்காலியப் பிடிங்க" என்று, ஏதோ கடையில் பையைப் பிடிக்கச் சொல்வதுபோல. அவர் வந்து பிடித்தார். நம் படியில் அடுக்கியிருந்த செங்கலைச் சுற்றி ஒருக்களித்துத்தான் இறங்க வேண்டியிருந்தது. கீழே தெருவில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் வழிவிட்டார்கள். ஆட்டோ கிளம்பியது.

சிட்டு பிழைத்துவிட்டாள். நிறைய ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், மூச்சு மெஷின்தான் விடுகிறது. இன்னும் இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்கிறார்கள். "இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருக்கலாமே" என்று டாக்டரம்மா கேட்டார்.

பிரேம் கடைக்காரர் அப்போதும் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் விரல்களைப் பார்த்துவிட்டு, "மருந்து போட்டீங்களாம்மா" என்று கேட்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வராந்தாவின் கோடியில் போய் நின்று அழுதேன். உங்கள் தம்பி பின்னாலேயே வந்து, "அண்ணன்கிட்ட நானே எல்லாத்தையும் சொல்லிடறேன் அண்ணி" என்றார். முதலில் சொன்னதே போதும் என்றேன். அதற்குப் பிறகும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. மருந்துக் கடைக்கும் வார்டுக்கும் ஓடிக்கொண்டிருக்கிறார்.

மீதிச் செங்கலைத் திருப்பி எடுத்துப் போகச் சொல்லிவிட்டேன். கீழ் வரிசைகள் அங்கங்கே இன்னும் நிற்கின்றன, துணி காயப்போடப் போனால் காலில் இடிக்கிறது. நான் அதைத் தொடமாட்டேன், கொத்தனாரையும் தொட விடமாட்டேன். எழுப்பச் சொன்னவர் வந்து பார்க்கட்டும்.

அந்த நாற்காலியைப் பற்றி இனி நான் உங்களுக்கு விளக்கம் சொல்லப்போவதில்லை. ஆயிரம் பேர் ஆயிரம் சொன்னாலும், நீங்கள் என்னிடம் ஒரு தடவை கேட்டிருக்கலாம். அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது, சீக்கிரம் போகாது.

உங்களுக்குச் சாமி கும்பிடுகிற வழக்கம் அவ்வளவாக இல்லை, தெரியும். இருந்தாலும் நீங்கள் ஓட்டும் கிரேன் மேலே உட்கார்ந்திருக்கும்போதாவது அந்தக் குழந்தைக்காக வேண்டிக்கொள்ளுங்கள். அது பிழைத்துவிட்டால் நீங்கள் வந்ததும் உங்களோடு சண்டை போடுவேன், அழுவேன், நாலு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டேன், அப்புறம் சாப்பிடக் கூப்பிடுவேன். பிழைக்காவிட்டால் உங்களிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் நன்றாக வேண்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
இன்னமும் உங்கள் மனைவி