மிட்டாய்க் கம்பெனிக்கு நான் எழுதின பொய்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதறேன். நானும் அப்பாவும் இங்க சுகமா இருக்கோம், நீ அங்க வேளைக்குச் சாப்பிட்டு நல்லா தூங்கறேன்னு தெரிஞ்சா எங்களுக்கு அதுவே போதும். சுகமா இருக்கோம்னு கைப்பழக்கத்துல எழுதிட்டேன், அது உடம்புக்கு மட்டும்தான், மனசு ஒரு இடத்துல நிக்கல. இப்ப எங்க உக்காந்து எழுதறேன் தெரியுமா, மிட்டாய்க் கம்பெனி ரிசப்ஷன்ல. பதினோரு மணிக்கு விசாரணை, நான் ஒன்பதுக்கே வந்துட்டேன். நாலு தடவை எழுந்து தண்ணி குடிச்சாச்சு, கைப்பையைத் திறந்து திறந்து மூடறேன், வாட்ச்மேன் என்னையே பாக்கறார். இந்த இடம் பூரா சர்க்கரைப் பாகு வாசனை வேற. சும்மா உக்காந்தா தலை வெடிச்சிடும், அதான் உனக்கு எழுத ஆரம்பிச்சேன்.

நீ அந்த ஊருக்குப் போனப்புறம் நான் இவங்களுக்கு வேடிக்கையா கடிதம் எழுதிக்கிட்டிருக்கேன், உன்கிட்ட சொன்னதில்ல. முதல்ல புளிப்பு மிட்டாயைப் பத்தி எழுதினேன். அதை வாயில போட்டதும் என் வீட்டுக்காரர் மூஞ்சி போன போக்கைப் பாத்தேன், எங்க கல்யாண போட்டோவுல இருக்கற அதே மூஞ்சி, இத்தனை வருஷம் கழிச்சு திரும்பக் காட்டினதுக்கு நன்றின்னு. அப்புறம் பால் டாபி, அது அவர் பல்செட்டைப் பிடிச்சுக்கிட்டு அரை நாள் விடல, வீடு அவ்வளவு அமைதியா இருந்துச்சு, இன்னும் பெரிய சைஸ்ல கிடைக்குமான்னு கேட்டேன். புகார் பிரிவு அதிகாரி ஒவ்வொண்ணுக்கும் பதில் போடுவார், ஆபீஸே சிரிச்சுதுன்னு கடைசியில ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்காகத் தபால்காரர் வர நேரம் பாத்து வாசல்லயே நிப்பேன்டா. வெக்கத்தை விட்டு சொல்றேன், நீ போனப்புறம் நான் சொல்றதுக்கு சிரிக்க வீட்டுல ஆளில்ல. உங்கப்பாகிட்ட ஜோக் சொன்னா விளக்கம் கேக்கறார்.

போன மாசம் எழுத ஒண்ணும் கிடைக்கல. மிட்டாய் எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு, அதான் வினை. சும்மா இருக்க மாட்டாம ஒரு பொய்யைக் கட்டினேன். ஒரு தாளைப் பிரிச்சா உள்ள மிட்டாயே இல்ல, வெறும் காத்து, இதை எந்த ருசியில சேக்கறதுன்னு கேட்டேன். அதோட விட்டேனா? ஒவ்வொரு பாக்கெட்டுலயும் ஒரு சீட்டு இருக்கும், கட்டினவர் எண் இன்னது, குறை இருந்தா எண்ணோட எழுதுங்கன்னு. இங்க பொம்பளைங்கதான் ஒவ்வொரு மிட்டாயையும் கையால தாள்ல சுத்தி முறுக்கறாங்க. ஒண்ணுமில்லாததை ரெண்டு பக்கமும் இவ்வளவு அழகா முறுக்கின எண் பதினேழுக்கு என் தனிப் பாராட்டுன்னு முடிச்சேன். எழுதிட்டு நானே சிரிச்சேன். அந்த அதிகாரி லீவுல இருந்திருக்கார், கடிதம் மேனேஜர் கைக்குப் போயிடுச்சு. எண் பதினேழை வேலையிலேருந்து நிறுத்தி வெச்சிருக்கோம், இன்ன தேதியில விசாரிச்சு நீக்கிடுவோம்னு ரெண்டே வரியில பதில் வந்துச்சு.

அன்னிக்கே எல்லாம் பொய்னு எழுதிப் போட்டேன். ஆனா இந்தப் பாழாப்போன கை சும்மா இருக்குமா, குத்தவாளி உங்க மிட்டாய் இல்ல, என் வாய்தான்னு ஒரு வரி சேத்துட்டேன். லீவு முடிஞ்சு வந்த அதிகாரி, உங்க கடிதங்கள்லயே இதுதான் பிரமாதம், நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கோம்னு பதில் போட்டார். தலையில அடிச்சுக்கிட்டேன். உங்கப்பா பேப்பரை மடிச்சு வெச்சுட்டு, நேர்ல போ, சிரிக்காம சொல்லுன்னார். கூட வரேன்னார், வேண்டாம்னுட்டேன். அவரைப் பாத்தா எனக்கு எதையாவது வேடிக்கையா சொல்லத் தோணும்.

பேனா தீந்து போச்சு. பக்கத்து நாற்காலி அம்மா தன் பேனாவைக் கொடுத்தா. யாருக்கு எழுதறீங்கன்னு கேட்டா, தூரத்துல இருக்கற மகனுக்குன்னேன். எனக்கும் பொண்ணு தூரத்துல படிக்கறா, அவகிட்ட இன்னும் சொல்லல, நான்தான் பதினேழு, இன்னிக்கு என்னை அனுப்பிடுவாங்கன்னா. அவளைப் பாத்து தலையை மட்டும் ஆட்டினேன்டா. உங்கம்மா இவ்வளவு கோழையான்னு எனக்கே தெரியாது. கூப்பிடறாங்க, ரெண்டு பேரையும் சேத்து.

போயிட்டு வந்துட்டேன், அதே நாற்காலியிலதான் இருக்கேன். உள்ள நுழைஞ்சதும் அதிகாரி வாயெல்லாம் பல்லா எழுந்து வந்தார், இவங்கதான் அவங்கன்னு மேனேஜருக்கு அறிமுகம் பண்ணினார். நான் சொல்லச் சொல்ல அவர் சிரிப்பு இறங்கிடுச்சு. பொய்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நாளைலேருந்து வரலாம்னு அவகிட்ட சொன்னாங்க. வெளிய வந்ததும் திட்டுவான்னு நின்னேன், அடிச்சிருந்தாலும் வாங்கியிருப்பேன். அவ என்கிட்ட ஒண்ணுதான் கேட்டா, அப்போ நான் வெறும் தாளை முறுக்கவே இல்லையான்னு. இல்லம்மா, எல்லாத்துலயும் மிட்டாய் இருந்துச்சுன்னேன். மூணு வாரமா வீட்டுல பழைய பேப்பரைக் கிழிச்சு முறுக்கி முறுக்கிப் பாக்கறேன், எங்க கை தப்புச்சுன்னு புரியல, கண்ணு கெட்டுப் போச்சோன்னு பயந்துட்டேன்னா. அப்புறம் என் மூஞ்சியைப் பாக்காம கேட்டைத் தாண்டிப் போயிட்டா. மன்னிச்சுடுன்னு நான் சொன்னது அவ காதுல விழுந்துச்சான்னு தெரியல.

நீ நோய் நொடியில்லாம நல்லா இருடா, எடுத்த வேலையெல்லாம் நல்லபடியா முடியட்டும். ஈரத் தலையோட வெளிய போகாதே. இனி இந்தக் கம்பெனிக்கு ஒரு வரி எழுத மாட்டேன். ஞாயித்துக்கிழமை போன் பண்ணும்போது ரெண்டு நிமிஷத்துல வெச்சுடாதே, உங்கம்மா எதையாவது சொல்வா, சிரிப்பு வரலன்னாலும் கொஞ்சம் கேளு.

உன்னையே நினைச்சுக்கிட்டிருக்கற
அம்மா