ஏவாள் வீட்டுப் படிக்கட்டு

ஜூன் 4

ஜன்னல் கூடையில் இதை இழுத்தெடுத்துப் படிக்கப்போகும் என் தங்கச்சிக்கு,

அண்ணன் சுகம். போன ஞாயிறு ஜெபக்கூட்டத்தில் பெண்களுக்குப் பேச என்னைத்தான் கூப்பிட்டார்கள். தலைப்பு: ஏவாள். நாலாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைத் தாங்கவில்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் எழுந்து நின்றேன் பார், நானூறு பேர் கப்சிப்! போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அம்மாமாரே, உங்க பிரசவத்துக்கு அம்மா வந்தாங்க, அத்தை வந்தாங்க. அவளுக்கு யார் வந்தா? இந்த வலிக்குப் பேர் என்னன்னு சொல்லக்கூட ஆள் இல்ல. தோட்டத்துக் கதவையும் சாத்தியாச்சு. உள்ள போட்டுப் பூட்டினாத்தான் சிறையா? வெளிய விட்டுப் பூட்டினாலும் சிறைதான்!" என்றேன். அழாத கண் இல்லை.

நேற்று உன் பெரியவனைப் பார்த்துவிட்டு வந்தேன். ராஜா மாதிரி இருக்கிறான். கன்னம் உப்பிவிட்டது. சிறைத் தச்சுக்கூடத்துக்கே அவன்தான் தலைவன். மேலதிகாரி தன் வீட்டுக் கட்டில் வேலையை இவனை நம்பித்தான் கொடுத்திருக்கிறார். "அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கு மாமா?" என்றுதான் முதலில் கேட்டான். சின்னவன் நம்மை விட்டுப் போனதிலிருந்து நீ படி இறங்கவே இல்லை. ஒரு தடவை போய்ப் பாரேன்.

உன் அண்ணன்,
மேடை கண்ட சிங்கம்


ஜூன் 12

அண்ணா,

அந்தக் கூடத்தில் இருப்பதே முப்பது நாற்காலி. மீதிப் பேர் உன் மடியிலா உட்கார்ந்தார்கள்?

நான் போகமாட்டேன். வெளியே போக வேண்டுமென்றால் கீழே பட்டறை வழியாகத்தான் இறங்க வேண்டும். நீ வந்து தரையைக் கழுவிவிட்டுப் போனாய். அன்று கடைக்காரர் சின்னவன் செய்த நாற்காலியைப் புகழ்ந்து எடுத்துக்கொண்டு, மற்றவன் செய்ததை வேண்டாம் என்று விட்டுப்போனாரே, அது படியடியிலேயே கிடக்கிறது. உளியைத் தட்டும் கொட்டாப்புளியை மாட்டும் ஆணி மட்டும் சுவரில் இருக்கிறது. கொட்டாப்புளியைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது. எனக்கு இனி இந்த ஜன்னல்தான் வாசல். எதிர்வீட்டுத் தையல்காரி கூடையில் காய் போடுகிறாள், உன் கடிதத்தைப் போடுகிறாள். நான் கயிற்றை இழுக்கிறேன்.

ஏவாள் கதையைப் பிரசவத்தோடு ஏன் நிறுத்தினாய்? ஆபேல் செத்த பிறகு, தம்பியைக் கொன்ற காயீனை அந்தத் தாய் போய்ப் பார்த்தாளா? அதை மட்டும் எழுது. அளக்காமல் எழுது.

தங்கச்சி


ஜூன் 20

அன்புத் தங்கச்சிக்கு,

போதகரைக் கேட்டேன். அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை என்கிறார். நம்பாமல் நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். இல்லைதான். நான் நினைத்தால், ஏவாள் கழுதைமேல் ஏறிக் காடு மலை தாண்டிப் போனாள் என்று நாலு பக்கம் எழுதிவிடுவேன். பேனாவையும் திறந்துவிட்டேன். நீ கேட்டதால் மூடிவைத்தேன்.

அதுவரை சாவை யாரும் கண்டதில்லை. தூங்குகிறான் என்று நினைத்துப் பிள்ளையை உலுக்கியிருப்பாள் என்று எனக்குத் தோன்றுகிறது. பிறகு வெகுகாலம் அவளைப் பற்றிப் பேச்சே இல்லை. மூன்றாவது பிள்ளைக்குப் பேர் வைக்கும்போதுதான் வாய் திறக்கிறாள். செத்தவன் பேரையும் கொன்றவன் பேரையும் ஒரே மூச்சில் சொல்கிறாள், தங்கச்சி. ஒன்றை விழுங்கிக்கொண்டு மற்றதைச் சொல்லவில்லை.

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சின்னவன் பேர் இருக்கிறது. பெரியவன் எங்கே?

நேற்றும் போய்ப் பார்த்தேன். இப்போது இரண்டு ஆள் எடை இருக்கிறான். கதவை அகலப்படுத்தப் போகிறார்களாம்.

அண்ணன்


ஜூலை 9

அண்ணா,

நேற்று போனேன். தையல்காரி மேலே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கீழ்ப்படியில் கால் வரவில்லை. அந்த நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். ஆடவில்லை. நல்ல நாற்காலிதான்.

சிறை வாசலில் காவலர் என்னைப் பார்த்து, "குடையோட வருவாரே, அவரு தங்கச்சியா நீங்க? பெத்தவங்களத் தவிர யாரையும் விடமாட்டோம்னு சொன்னாலும் கேக்காம வந்து வந்து இந்த பெஞ்சுல உக்காந்துட்டுப் போறாரே!" என்றார்.

அடப் பாவி! ஒரு நாள்கூட நீ உள்ளே போனதில்லை. அவனுக்குக் கன்னமும் உப்பவில்லை, ஒன்றும் இல்லை. சட்டைதான் வந்து உட்கார்ந்தது. தச்சுக்கூடமாம். உளியை அந்தக் கையில் யார் கொடுப்பார்கள்?

நடுவில் கண்ணாடி. தலை குனிந்தே இருந்தான். "என் முழங்கால் வலியக் கேட்டியாமே" என்றேன்.

"நான் எதுவும் கேக்கலம்மா. மாமா உள்ள வந்ததே இல்ல. வாசல்ல உக்காந்திருக்காருன்னு காவலர் வந்து சொல்வாரு, அவ்ளோதான்." தரையைப் பார்த்தபடியே, "வலி எப்படிம்மா இருக்கு?" என்றான்.

முழங்காலைத் தடவிக்கொண்டேன். மன்னித்துவிட்டேன் என்று நீ எங்கேயும் போய் மேடை போட்டுவிடாதே. ஜன்னல் கயிற்றை நான் இன்னும் அவிழ்க்கவில்லை. ஆனால் அடுத்த மாதம் நீ அந்த பெஞ்சில் இரு. நான் வெளியே வந்து, உள்ளே பார்த்ததைச் சொல்கிறேன். அளக்காமல் கேட்டுக்கொள்.

பெரியவன் எங்கே என்று கேட்டாயே. அந்தப் பேரை எழுதப் போனால், சின்னவன் எங்கே என்று பேனா கேட்கிறது அண்ணா. சாப்பாட்டுக்கு ஒருத்தனைக் கூப்பிட்டால் பட்டறையிலிருந்து இரண்டு தலையும் நிமிரும், ஞாபகம் இருக்கிறதா?

நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். அப்போதுதான் அந்தப் பேர் வாயில் வந்தது. "பெரியவனே, வேளைக்குச் சாப்பிடு" என்றேன்.

அவன் மட்டும் நிமிர்ந்தான்.

தங்கச்சி