படுத்துப் போகிறவனுக்கு வழி

காவேரிப் பாலத்தில் என்னை முந்துவதிலேயே குறியாக இருந்த என் அன்புச் சவரிமுத்துவுக்கு,

நீ போனதிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அச்சாபீசில் புரூப் திருத்தும்போதும் மேசைக்கடியில் கால் பெடல் மிதிக்கிறது. நம் வழக்கு பாதியில் நிற்கிறதே: சத்திரம் பஸ் ஸ்டாண்டு நெரிசலுக்கு என் சைக்கிள் நல்லதா, சாய்வு நாற்காலித் துணியில் மல்லாந்து, காலை முன்னால் நீட்டி மிதிக்கும்படி நீயே பற்றவைத்துச் செய்த சைக்கிள் நல்லதா?

"எதிரே வர்றது தெரிய வேண்டாமாடா?" என்பேன். "நம்மூர்ல படுத்துப் போறவனுக்குத்தான்டா வழி விடுவான்" என்பாய். புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைச் சவப்பெட்டியில் கொண்டுபோன அன்று டவுன் பஸ்கள் வரிசையாக நின்றன. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. பெட்டிக்கு எவனும் ஒதுங்குவான்.

போன வாரம் உன் மனைவி பிலோமினா கூப்பிட்டனுப்பினாள். "நாளைக்குச் சாயங்காலம் பழைய இரும்புக்காரர் வரார்ண்ணே. முற்றத்துல அவர் சைக்கிள் கிடக்கிறதப் பாக்க முடியல."

"நான் ஓட்டுறேனேம்மா."

"ஆபீஸ் நேரத்துல சத்திரத்துலேர்ந்து ஸ்ரீரங்கம் போயிட்டு உசுரோட வாங்க. அப்ப வண்டி உங்களுது. இன்னொரு சாவு என்னால தாங்க முடியாது."

மறுநாள் காலையே ஓட்டினேன். சத்திரத்தில் என் முகமும் பஸ்ஸின் புகைக்குழாயும் ஒரே உயரம். ஜட்கா குதிரையொன்று என் தலையை முகர்ந்து, தின்னத் தகுந்ததல்ல என்று முடிவு செய்தது. அதுவரை வழக்கு என் பக்கம்.

பாலத்தில் மார்கழிப் பனி. துண்டைக் காதோடு தாடையோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தேன். வெள்ளை வேட்டி. இருபுறமும் கோயிலுக்கு நடக்கும் கூட்டம். எதிரே நெல் மூட்டையோடு வந்த வண்டிக்காரர் மாட்டை இழுத்துப் பிடித்து, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பஸ் ஹாரன் அடிப்பதை நிறுத்தியது. சைக்கிள்காரர்கள் இறங்கி ஓரமாக நின்றார்கள். நிமிர்ந்து ஓட்டிய இத்தனை வருஷத்தில் இந்த மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை. ஒரு கையைத் தூக்கிக் கும்பிட்டேன்.

"யப்பா, பொணம் கும்பிடுதுடா" என்றார் வண்டிக்காரர். பிறகு என் கால்களைப் பார்த்துவிட்டு, "உசுரோட இருக்கிறவனுக்குப் படுத்துக்கிட்டு என்னய்யா சவாரி?"

பிலோமினாவிடம் சொன்னேன். சிரித்தாள், நீ போனபின் முதல் தடவை. பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சாயங்காலம் இரும்புக்காரரிடம், "அது எங்க அண்ணன் வண்டிங்க" என்று அவளே சொல்லியனுப்பினாள்.

வழக்கில் நீ ஜெயித்தாய். ஆனால் ஒன்று என்னை அரித்துக்கொண்டேயிருக்கிறது. வழி விட்டவனுக்குக் கை தூக்காமல் நீ ஒருநாளும் போனதில்லை. அன்று அத்தனை பஸ்ஸும் நின்றபோது மட்டும் ஏன்டா சும்மா படுத்திருந்தாய்?

வருகிற கல்லறைத் திருநாளன்று அதே வண்டியில் உன்னிடம் வருகிறேன், மழையானாலும் தலையில் துண்டு கட்டாமல். ஒதுங்குகிற ஒவ்வொருவருக்கும் இரண்டு தரம் கும்பிடுவேன். இரண்டாவது உன் கணக்கில்.

உன் பிலோமினாவுக்கு அண்ணனாகிவிட்டதால் உனக்கு மச்சானான,
கோபால்