கிளட்ச் இல்லாத வண்டி

நவம்பர் 4, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். பள்ளிக்கு லீவு விடுவார்கள் என்று பார்த்தேன், விடவில்லை. மாலை இவரோடு கார் ஷோரூம்.

பக்கவாதத்தில் இடது கால் தளர்ந்த பிறகு இவர் ஆசையாகக் கிளம்பியது இன்றுதான். திருநள்ளாறு சவாரி ஓட்டிய டாக்சியை விற்றதிலிருந்து கட்டிலும் டிவியும்தான். கிளட்ச் இல்லாத வண்டியென்றால் மெதுவாகப் பழகிப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். மகள் நித்யாவும் போனில் அதையேதான் சொல்கிறாள். ஷோரூமில் இவர் கேட்டதோ கியர் வண்டி. நான் விலைத்தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 5, புதன்

மழை விட்டது. துணி காயவில்லை. தோசை மாவு புளித்துவிட்டது.

ஷோரூமில் கொடுத்த தாளை மூன்றாம் தடவையாகப் படித்தேன். ஐந்தாம் வகுப்புக்கு அட்டவணை சொல்லித் தருகிறவள், எனக்கே ஏறவில்லை. கீழ் மாடலில் ஆட்டோமேட்டிக் கிடையாது. நடு மாடலில் ஏ.எம்.டி. என்று ஒரு வகை ஆட்டோமேட்டிக். மேல் மாடலில் சி.வி.டி. என்று இன்னொரு வகை; அதோடு கூரைக் கண்ணாடி, கலர் விளக்கு, ஏழெட்டு ஸ்பீக்கர். எதையும் தனியாகக் கழற்றித் தர மாட்டார்களாம். எங்களுக்கு வேண்டியது ஒரு கால் செய்கிற வேலை. அது மட்டும் தனியாக இல்லை.

ஷோரூம் தேவிக்குப் போன் போட்டேன். பொறுமையான பெண். ஏ.எம்.டி. கியர் மாறும்போது லேசாகக் குலுக்குமாம், சி.வி.டி. வழுக்கிக்கொண்டு போகுமாம். அரசலாற்றுப் பாலத்து ஏற்றத்தில் நின்றாலும் வண்டி பின்னால் உருளாமல் பிடித்துக்கொள்ள ஒரு வசதி இருக்கிறதாம். போனை ஸ்பீக்கரில் போட்டது என் தப்பு.

"ஏ.எம்.டி.ன்னா சாதா கியர்பாக்ஸ்தான் மேடம். கிளட்ச்ச மட்டும் மெஷினே மிதிச்சிக்கும்."

"அப்ப நான் எதுக்கு?" என்றார் இவர், கட்டிலிலிருந்து. தேவிக்குக் கேட்டிருக்கும். ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

வெயில். பள்ளியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஷோரூம். கியர் வண்டியைத்தான் ஓட்டிப் பார்ப்பேன் என்று இவருக்குப் பிடிவாதம். தேவி தயங்கினாள்; வண்டிகளை நிறுத்தி வைக்கிற கிட்டங்கிக்குப் பின்னால் உள்ள காலி இடத்தில் மட்டும் என்றாள். அவள் பின்சீட்டில், நான் இவர் பக்கத்தில்.

சாவியைத் திருப்பியதும் முகமே மாறிவிட்டது. பழைய ஆள். கண்ணாடியைச் சரிசெய்தார், சீட்டை முன்னால் இழுத்தார். வண்டி ஒரு உதறு உதறி நின்றது. திரும்ப ஸ்டார்ட். திரும்ப நின்றது.

இவர் ஸ்டியரிங்கை விடவில்லை. நேராகப் பார்த்தபடியே, மெதுவாக:

"வசந்தா, என் காலு எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லு."

இறங்கிச் சுற்றிப் போய்க் கதவைத் திறந்து குனிந்தேன். கிளட்ச்சுக்குப் பக்கத்தில், தரை விரிப்பின்மேல் சும்மா கிடந்தது கால். இவர் மிதித்துக்கொண்டிருப்பதாக நினைத்திருக்கிறார்.

"கீழ இருக்குங்க."

தலையை மட்டும் ஆட்டினார். காலைத் தூக்கி கிளட்ச்மேல் வைக்கட்டுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. இரண்டு கையாலும் தூக்கி வெளியே எடுத்து வைத்தேன்.

நவம்பர் 8, சனி

வானம் மப்பு. ஊரெல்லாம் திருநள்ளாற்றுக்குப் போகிற சனிக்கிழமைக் கூட்டம், வெளியூர் வண்டிகள்.

ஏ.எம்.டி. குலுக்கினால் இவருக்கு ஆகாது. மேல் மாடலே புக் பண்ணியாயிற்று. சாப்பாட்டுக்கு நடுவே "போட்டுடு" என்றார், அவ்வளவுதான். வேண்டாத கூரைக் கண்ணாடியும் சேர்ந்து வருகிறது.

சாயந்திரம் தேவி போன் செய்தாள், என்ன கலர் என்று கேட்டு. இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்தார். இத்தனை நாளில் கலரைப் பற்றி இரண்டு பேருமே யோசிக்கவே இல்லை. தேவி லைனிலேயே இருந்தாள்.